குப்பை கொட்டிய காட்டில் பயிர் ஏன் வெளிறுகிறது?

கேள்வி: 2023 ஜூன் 14

பல்லடம் பக்கம் செம்மண் காடு. ஏக்கருக்கு 8 டிராக்டர் லோடு மாட்டுக் குப்பை விலைக்கு வாங்கி மே மாதம் கொட்டினேன். மறுவாரமே ரொட்டோவேட்டர் ஓட்டி மக்காச்சோளம் ஊன்றியாச்சு. இப்போது 25 நாள் பயிர். குப்பை போடாத கீழ்க்காடு கருகருவென்று நிற்கிறது, குப்பை போட்ட மேல்காடு வெளிறிக் கிடக்கிறது. யூரியா இரண்டுக்கும் ஒரே அளவுதான். மாட்டுக் குப்பை மண்ணைக் கெடுக்குமா?

ஜூன் 14, இரவு

மண் கெடவில்லை தம்பி. எந்த இலை வெளிறுகிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். அடியிலை நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி அம்பு முனை மாதிரி மஞ்சளாகி வந்தால் தழைச்சத்துப் பசி, அதாவது நைட்ரஜன் குறை. குருத்திலையின் அடிப்பக்கம் நரம்புக்கு இரண்டு புறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகக் குறை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பார்க்காமல் எதையும் வாங்கித் தெளிக்க வேண்டாம்.

குப்பையைக் கையில் அள்ளிப் பார்த்தீர்களா? தட்டும் கூளமும் அப்படியே தெரிந்ததா, இல்லை தேயிலைத்தூள் மாதிரி உதிர்ந்ததா?

ஜூன் 15

அடியிலைதான், அம்பு முனைதான் என்கிறார் கேள்வி கேட்ட தம்பி. குப்பையில் சோளத்தட்டு விரல் நீளத்துக்குக் கிடக்கிறதாம். அப்படியானால் சந்தேகம் இல்லை. மக்காத குப்பை பயிருக்குப் போன யூரியாவைத் தின்றுவிட்டது.

கணக்கு எளிது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர் தன் உடம்பைக் கட்ட 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து கேட்கும். தின்பதில் மூன்றில் இரண்டு பங்கு கார்பனை மூச்சாக விட்டுவிடும். ஆக 24 பங்கு கார்பன் தின்றால் 16 காற்றில் போய், 8 உடம்பில் சேரும். அந்த 8-க்கு 1 தழைச்சத்து. தின்னும் பொருளில் 24-க்கு 1 இருந்தால் சரிக்குச் சரி. நன்றாக மக்கிய எருவில் அதைவிடத் தழைச்சத்து கூடுதலாக இருக்கும், மிச்சம் பயிருக்கு வரும். சோளத்தட்டிலும் வைக்கோலிலும் 60, 80 பங்கு கார்பனுக்குத்தான் 1 பங்கு. பற்றாக்குறையை நுண்ணுயிர் எங்கே எடுக்கும்? மண்ணில் கரைந்து கிடக்கும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும்தான் எடுக்கும். மண்ணோடு ஒட்டிக்கொண்டு இருப்பது நுண்ணுயிர்தானே, வேருக்கு முந்திவிடும்.

இது திருட்டுப் போனதில்லை. உயிர் செத்தால் மண்ணுக்கே திரும்பும், இந்தப் பயிருக்கு நேரத்துக்கு வராது, அவ்வளவுதான். ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா, 22 கிலோ, இரண்டாகப் பிரித்து ஒரு வார இடைவெளியில் தண்ணீர் கட்டும்போது கொடுங்கள். ஒரே தடவையில் கொட்ட வேண்டாம்.

ஜூன் 16

"குப்பை சூடு, அதுதான் பயிரை அடித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரில் சூடு என்று சொல்வது ஒன்று இல்லை, மூன்று. குவியலுக்குள் கை வைத்தால் சுடுகிறதே, அது நிஜச் சூடு. வயலில் பரப்பியதும் போய்விடும். இரண்டாவது அம்மோனியா ஆவி, இளங்குருத்தையும் முளையையும் கருக்கும். மூன்றாவது உப்பு, இலை ஓரம் தீய்ந்த மாதிரி காயும். தம்பியின் காட்டில் இருப்பது இந்த மூன்றும் இல்லை, பசி.

ஜூன் 18

"ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்ற சொலவடையை நான்கு பேர் எழுதிவிட்டார்கள். என் அப்பாவும் சொல்லுவார். ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து செறிவு, சாணியில் நார் அதிகம், அதனால் ஒன்று சீக்கிரம் மக்கும், ஒன்று தாமதம். இவ்வளவுதான் விஷயம் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

இப்போது அது பாதிதான் என்று தோன்றுகிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 19

ஏக்கருக்கு 5 டன், ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது எல்லாப் பயிருக்கும் சொல்லும் பரிந்துரை. தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 0.5 என்று வைத்துக்கொள்வார்கள். 5 டன்னில் தழைச்சத்து 25 கிலோ. யூரியாவில் 46 சதவீதம், 45 கிலோ மூட்டையில் 20 கிலோ சொச்சம். ஆக 5 டன் குப்பையில் இருப்பது ஒன்றேகால் மூட்டை யூரியாவின் தழைச்சத்து. அதிலும் முதல் பயிருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது.

அப்புறம் எதற்குக் குப்பை அடிப்பது, லோடு கூலியே கட்டாதே என்று கேட்பீர்கள். கார்பனுக்காக. ஏக்கருக்கு 5 டன் போட்டால் அங்ககக் கார்பன் ஒரே வருடத்தில் 0.1 சதவீதம் ஏறும். 0.4 இருக்கும் மண் 0.5 ஆகிவிட்டால் தண்ணீர் பிடிமானமே வேறு.

ஜூன் 20

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் மேல்மண் அரையடி ஆழத்துக்கு சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 0.1 சதவீதம் 900 கிலோ கார்பன். 5 டன் குப்பையில் பாதி தண்ணீர். மிச்சம் இரண்டரை டன்னில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் என்றால் 800 கிலோ சொச்சம். அத்தனையும் மண்ணில் தங்கினால்கூட 0.1 வராது. தங்கவும் தங்காது. நம் வெயிலுக்கு வருடம் திரும்புவதற்குள் பெரும்பங்கு மூச்சாகப் போய்விடும், நிற்பது நாலில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

ஆக 0.1 ஏற நான்கைந்து வருடம் விடாமல் போட வேண்டும். என் காடே சாட்சி. தாராபுரம் ரோட்டில் சுக்காங்கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த கரிசல், ஐந்து ஏக்கர். மண் வள அட்டையில் 2015-ல் அங்ககக் கார்பன் 0.38 இருந்தது, போன வருடம் 0.52. நடுவில் ஒரு வருடம்கூடக் குப்பையை நிறுத்தவில்லை. கையில் அட்டை இருந்தும் நேற்று அப்படி எழுதிவிட்டேன், வருத்தமாக இருக்கிறது. யாராவது அந்த வரியை நம்பி லோடு சொல்லியிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 20, மாலை

லோடு என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி வாங்கிய 8 லோடு எத்தனை டன் என்று அவருக்கே தெரியாது. நான் ஒரு தடவை வாங்கிய லோடில் ஒரு சட்டி அள்ளித் தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். அடியில் இரண்டு விரல்கடை மணல் நின்றது. குப்பை விலைக்கு மண் வாங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் வண்டி வந்தவுடன் ஒரு வாளியில் கரைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்கிறேன்.

ஜூன் 24

சொலவடைக்குத் திரும்புகிறேன். ஆட்டெரு என்று நம் ஊரில் சொன்னால் பெரும்பாலும் கிடை. கீதாரிகள், அதாவது மந்தை மேய்ப்பவர்கள், ராத்திரி வயலிலேயே ஆட்டைப் பட்டி அடைத்து, காலையில் பட்டியை நகர்த்திப் போவார்கள். புழுக்கை மட்டுமா விழுகிறது? ராத்திரி பூராவும் மூத்திரம் நேராக மண்ணில் இறங்குகிறது. காலையில் உழுதுவிட்டால் மூடியாச்சு. மாட்டெரு அப்படியா வருகிறது? கட்டுத்தரையில் சாணியை மட்டும் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுகிறோம். மூத்திரம் வாய்க்காலில் ஓடுகிறது.

மாடு வெளியே விடும் தழைச்சத்தில் சுமார் பாதி மூத்திரத்தில் இருக்கிறது, சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். மணிச்சத்து மட்டும்தான் ஏறக்குறைய முழுதும் சாணியில். ஆக ஆட்டில் முழுச் சாப்பாட்டையும், மாட்டில் சக்கையையும் வைத்து ஒப்பிட்டிருக்கிறோம். தஞ்சாவூர், மதுரைப் பக்கம் மாட்டுக்கிடை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மாட்டெரு மறுவருடம்தானா என்று.

ஜூன் 25

இதை எழுதும்போது எங்கள் பழைய கட்டுத்தரைதான் கண்ணில் நின்றது. மண் தரை. அப்பா ஓடையோரத்து மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி வைப்பார். மாடு நின்று நின்று அது கறுத்துக் கெட்டியாகும். இருபது நாளைக்கு ஒரு தரம் அம்மாவும் அக்காவும் கொத்தி எடுத்துக் குழியில் போட்டுவிட்டுப் புது மண் பரப்புவார்கள். கொத்தும்போது எழும் நெடியில் கண்ணில் தண்ணீர் வரும். சிறுவனாக இருந்தபோது அந்த வேலை பிடிக்காது, ஓடிவிடுவேன்.

2006-ல் நான்தான் சிமெண்ட் தரை போட்டேன். கழுவ எளிது, மாட்டுக்கு மடி நோய் குறையும் என்றார்கள். அது உண்மையும்கூட. ஆனால் கழுவிய தண்ணீர் போய்ச் சேர்ந்தது மூலையில் நின்ற ஒரு தென்னைக்கு. மூன்றாம் வருடம் அந்த மரத்தின் மட்டை ஓரமெல்லாம் தீய்ந்து, குரும்பை உதிர்ந்தது. அடியில் மண் எடுத்துச் சோதித்ததில் சாம்பல்சத்து கிடுகிடுவென்று உயரத்தில், உப்பு நிலையும் அப்படியே. ஐந்து ஏக்கருக்கும் போக வேண்டியதை ஒற்றை மரத்தின் தூரில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது வாய்க்கால் முடியும் இடத்தில் தொட்டி கட்டி, தண்ணீர் கலந்து வரிசையாக எல்லா மரத்துக்கும் விடுகிறேன். மரம் பிழைத்துக்கொண்டது.

ஜூன் 26

நெடி ஏன் வருகிறது என்று கேட்டவருக்கு: மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான், கடையில் வாங்கும் அதே பொருள். சாணியிலும் மண்ணிலும் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஓரிரு நாளில் யூரியா அம்மோனியம் கார்பனேட்டாக மாறும். அந்த இடத்தில் காரத்தன்மை ஏறும், அம்மோனியா ஆவியாகும். கண் எரிந்தால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். மண்ணைக் கலந்தால் களித்துகள் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பா மண் பரப்பியது அதற்குத்தான். குழியில் அடுக்கடுக்காக சூப்பர் பாஸ்பேட் தூவுவதும் அந்த வகைதான். அதில் இருக்கும் அமிலமும் ஜிப்சமும் அம்மோனியாவைப் பிடித்து நிறுத்தும், மணிச்சத்தும் கூடும்.

ஜூலை 1

தம்பியின் பயிர் இரண்டாம் தவணை யூரியாவுக்குப் பிறகு பச்சை பிடித்துவிட்டதாம். அடியிலை போனது போனதுதான், மேலே வருவதெல்லாம் நல்ல நிறம்.

ஜூலை 3

"எங்கள் மண் பி.எச். 8.4, குப்பை போட்டால் இறங்குமா" என்று ஓர் அக்கா. பி.எச். என்பது மண்ணின் புளிப்பையும் காரத்தன்மையையும் காட்டும் எண், 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஊட்டி உருளைக்கிழங்குக் காட்டுக்காரர் ஒருவர் அதற்குக் கீழேயே "எங்களுக்கு 4.9, குப்பை போட்டு ஏறியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். இறங்குவது, ஏறுவது இரண்டும் நடக்கும். குப்பை ஒரே வேலையை எல்லா மண்ணிலும் செய்வதில்லை.

நீலகிரி மாதிரி புளித்த மண்ணில் வேரைக் கெடுப்பது கரைந்து நிற்கும் அலுமினியம். எருவின் அங்கக அமிலங்கள் அதைக் கட்டிப்போடும். எருவில் சுண்ணாம்புச் சத்தும் கார்பனேட்டும் கொஞ்சம் இருப்பதால் புளிப்பும் குறையும். நம்முடைய சுக்காங்கல் மண்ணில் கதை வேறு. எரு மக்கும்போது வரும் கரியமில வாயு மண் ஈரத்தில் கரைந்து மென்மையான அமிலமாகி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைக்கும். கரைந்த கால்சியம் சோடியத்தை இடம் பெயர்க்கும். சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு எருவும் பசுந்தாளும் போடச் சொல்வது இதனால்தான். ஆனால் பெயர்ந்த சோடியம் வெளியேற வடிகால் இல்லையென்றால் வேலை அரைகுறை. 8.4 ஒரு வருடத்தில் 7.5 ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள் அக்கா. சோதனைக் கூடத்தில் என் மண் மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்கள், சோடா மாதிரி நுரைத்தது. அவ்வளவு சுண்ணாம்பு உள்ளே இருக்கிறது. அது தீராமல் பி.எச். பெரிதாக அசையாது.

அசையாவிட்டாலும் பலன் உண்டு. இந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் இல்லாத மாதிரி, கரையாமல் கிடக்கும். மக்கிய எருவில் இருக்கும் அங்ககப் பொருள்கள் அவற்றைக் கவ்விப் பிடித்து வேர்வரை கொண்டுவரும். ஜிங்க் சல்பேட்டைத் தனியே தூவாமல் எருவோடு கலந்து வைத்துப் போடுவது அதற்காகத்தான். என் வெங்காயத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

ஜூலை 5

செம்மண்ணில் குப்பைக்குப் பலன் எப்படி என்று செம்மண்காரர்கள் கேட்டதற்கு. செம்மண்ணின் களி பெரும்பாலும் சத்தைப் பிடிக்கும் சக்தி குறைந்த வகை. ஒரு கிலோ களிக்கு 3 முதல் 15 அலகு பிடித்தால் அதிகம். மட்கு, அதாவது எரு முழுதும் மக்கி மண்ணில் நிற்கும் கறுப்புப் பொருள், ஒரு கிலோ 200-க்கு மேல் பிடிக்கும். கரிசலில் களியே 80, 100 என்று பிடிப்பதால் மட்கு சேர்ந்தது அவ்வளவாகத் தெரியாது. ஒரே அளவு குப்பைக்குச் செம்மண் அதிகம் நன்றி காட்டும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஜூலை 9

"இயற்கை எரு, எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இதை நான் விட முடியாது. நெதர்லாந்தில் மாடும் பன்றியும் பெருகி, சாணம் போட இடமில்லாமல் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியது. ஐரோப்பாவில் 1991-ல் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிலங்களில் கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு வருடம் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போடக் கூடாது. நம் 0.5 சதவீதக் குப்பையில் கணக்கிட்டால் ஏக்கருக்குப் பதின்மூன்றே முக்கால் டன். மணிச்சத்தும் பயிர் எடுப்பதைவிட வேகமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், என் கிணற்றுக்கு வாருங்கள். அப்போது எருக்குழி கிணற்றிலிருந்து முப்பதடிதான். மழைக்காலத்தில் குழி நிரம்பி வழியும். 2018-ல் வீட்டில் குழந்தை பிறந்தபோது தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. என் கிணற்றில் 71. கைக்குழந்தைக்கு நைட்ரேட் எவ்வளவு ஆபத்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையே கெடுக்கும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். அந்தத் தண்ணீரில் சோறு பொங்கிக்கொண்டிருந்தோம். மறுநாளே குழியைக் காட்டின் மறு கோடிக்கு, தாழ்ந்த பக்கம் மாற்றினேன். குடிக்க வேறு தண்ணீர். இரண்டு மழை கழித்துத்தான் எல்லைக்குள் வந்தது.

கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து மாற்றுங்கள்.

ஜூலை 10

எரு எத்தனை வருடம் மண்ணில் பேசும் என்றொரு கேள்வி. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் பார்லி வயல் ஒன்றில் 1852 முதல் 1871 வரை வருடாவருடம் ஹெக்டேருக்கு 35 டன் எரு போட்டுவிட்டு நிறுத்தினார்கள். நூறு வருடம் கழித்தும் எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அதில் கார்பனும் தழைச்சத்தும் அதிகம் இருந்தது. குளிர் நாடு, மெதுவாக மக்கும். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் மக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும், நமக்கு அந்த நீடிப்புக் கிடைக்காது. கோயம்புத்தூரிலும் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு மேல் ஒரே துண்டில் ஒரே உரத்தைப் போட்டுக்கொண்டே வந்த அந்தப் பொறுமையை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஜூலை 12

தம்பி காட்டில் கொட்டாமல் மீதி இருக்கும் மூன்று லோடை என்ன செய்வது என்கிறார். குழி: இருபதடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். நிழலில், கிணற்றுக்குத் தூரமாக. கட்டுத்தரை மூத்திர மண் இருந்தால் அடுக்குக்கு அடுக்கு. தரைக்கு மேலே ஒன்றரையடி எழும்பியதும் கூம்பாக்கி, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி மூடிவிடுங்கள். நான்கைந்து மாதம். நடுவில் திறந்து பார்க்க ஆசை வரும், திறக்க வேண்டாம்.

ஜூலை 12, மாலை

சாண எரிவாயுக் கலன் கழிவு பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: கலனில் போவது கார்பன், தழைச்சத்து பெரும்பாலும் கழிவிலேயே நிற்கும், அதுவும் சீக்கிரம் கிடைக்கும் அம்மோனியமாக. வெயிலில் காயப்போட்டால் அதுவும் போய்விடும். ஈரத்தோடு மண்ணில் கலந்துவிடுங்கள்.

நவம்பர் 19

தம்பி குழியைத் திறந்து படம் அனுப்பியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, நேரிலேயே போய்விட்டேன். மேல் பூச்சை உடைத்ததும் ஆவி எழவில்லை, கண் எரியவில்லை. முழங்கைவரை உள்ளே விட்டேன், குளிர்ச்சி. முதல் மழையில் காடு மணக்குமே, அந்த வாசம். ஒரு தட்டுத் துண்டை எடுத்து இரண்டு விரலில் நசுக்கினேன், கறுப்பாகத் தூளாகி ரேகையில் ஒட்டிக்கொண்டது. மூன்று லோடு ஒன்றரை லோடாகச் சுருங்கியிருந்தது, அதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். போனதெல்லாம் தண்ணீரும் கார்பனும்தான் என்று சொல்லி, அன்றைக்கே பரப்பி அன்றைக்கே உழுதோம். குப்பையைக் காட்டில் குவியல் குவியலாகப் போட்டு ஒரு வாரம் வெயிலில் விடுவதை யார் பழக்கினார்களோ தெரியவில்லை, அவர் வீட்டிலும் அதுதான் வழக்கமாம்.

நவம்பர் 20

குழியின் அடியில் விரல் பருமனில் வெள்ளைப் புழு, தலை பழுப்பு, வளைந்து கிடக்கிறது, எருவைப் பதப்படுத்தும் புழுவா என்று காலையில் போன் செய்தார். அது காண்டாமிருக வண்டின் புழு. எருவில் வளர்ந்து, வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும். அவர் வரப்பு நீளத்துக்கும் இளந்தென்னை. ஒன்று விடாமல் பொறுக்கிக் கோழிக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.